அம்சவல்லி சொன்ன போச்சு

"போச்சாம்மா?" என்று நடையிலிருந்து எலக்ட்ரீஷியன் சிராஜுதீன் குரல் கொடுக்க, கூடத்துச் சுவரில் மெயின் சுவிட்சுக்கு முன்னால் நின்றிருந்த அம்சவல்லி கைப்பிடியைக் கீழே இழுத்தாள். டக்கென்றது. தலைக்கு மேலே மின்விசிறி சோம்பலாக இரண்டு சுற்று சுற்றி நின்றது, அடுப்படியில் ஃப்ரிட்ஜின் முனகல் அடங்கியது, கைப்பிடி கீழேதான் இருக்கிறதா என்று பார்த்தாள், தொட்டும் பார்த்தாள், பார்த்ததையும் தொட்டதையும் மனசுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டாள், அதற்கப்புறம்தான் வாயைத் திறந்து "போச்சுங்க" என்றாள். அடேயப்பா, ஒரு சொல்லுக்கு இத்தனை சடங்கா! போன மாதம் வரைக்கும் இதே சொல்லைக் கையில் வெங்காயத்தோலோடு வந்து, முழங்கையால் கைப்பிடியை அமுக்கிவிட்டு, போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனவள்தான். கல்யாணமாகி இந்த உறையூர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எத்தனை போச்சு சொல்லியிருப்பாள். வைத்திலிங்கம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர், வீட்டில் ஒரு ஆணி அடிக்கக்கூட வெளியாள் வரக்கூடாது அவருக்கு. ஏணியில் ஏறி நின்றுகொண்டு "போச்சா?" என்பார், இவள் "போச்சு" என்பாள், வேலை நடக்கும். முடிந்ததும் "போடு" என்பார், இவள் போடுவாள், "வந்துச்சா?" என்று இவள் கேட்பாள், "வந்துருச்சு" என்பார். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் இதைவிட ஒழுங்காக நடந்த பேச்சு வேறு எதுவும் கிடையாது, மற்றதெல்லாம் ஒருத்தர் பேச ஒருத்தர் கேட்காத பேச்சுதான். டெஸ்டர் ஒன்று வாங்கி வையுங்கள் என்று பக்கத்து வீட்டுக் கதிரேசன் சொன்னதற்கு, எனக்கு எதுக்கு டெஸ்டர், அம்சா சொன்னாப் போதும் என்று பெருமையாகச் சொன்னவர் அவர். அந்தப் பெருமை இப்போது மாவுக்கட்டு போட்ட வலது கையோடு நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சிராஜுதீன் செய்கிற வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அன்றைக்குக் காலையில் நடந்ததை அவள் எத்தனை தடவைதான் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்ப்பாள். நடை லைட்டின் ஹோல்டர் கருகிப்போயிருந்தது, பல்பை எவ்வளவு திருகினாலும் பிடிக்கவில்லை, புது ஹோல்டர் வாங்கி வந்து அலுமினிய ஏணியைச் சாய்த்து வெறுங்காலோடு ஏறினார். அடுப்பில் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. போச்சாவென்று கேட்டார். அவள் வந்தாள், அமுக்கினாள், போச்சு என்றாள். அமுக்கினாளா? கைப்பிடியின் வழவழப்பு விரலில் இருக்கிறது, டக்கென்ற சத்தம் காதில் இருக்கிறது, மின்விசிறி நின்றதும் கழுத்தில் பொடிந்த வியர்வைகூட இருக்கிறது, ஆனால் அந்த வழவழப்பும் சத்தமும் வியர்வையும் அன்றைக்கு உள்ளவைதானா, இல்லை தீபாவளிக்கு முன்னால் மின்விசிறி துடைத்தபோது உள்ளவையா, இல்லை பையன் ரூமில் ட்யூப் லைட் மாற்றியபோது உள்ளவையா? வருஷக்கணக்காக ஒரே மாதிரி அமுக்கின கைக்கு எந்த அமுக்கல் எந்த நாளுடையது என்று எப்படித் தெரியும். ஒரு நாள் மட்டும் அமுக்காமல் விட்டிருந்தாலும் மற்ற நாட்கள் சேர்ந்து அந்த ஓட்டையை அடைத்துவிடாதா? குழம்பு ஞாபகம் இருக்கிறது, அது பொங்கி அடுப்பை அணைத்தது ஞாபகம் இருக்கிறது, அதாவது அவள் திரும்பி அடுப்படிக்குப் போயிருக்கிறாள், குழம்பைப் பார்த்திருக்கிறாள், ஒருவேளை குழம்பைத்தான் முதலில் பார்க்கப் போனாளோ, போகிற வழியிலேயே போச்சு என்று சொல்லிவிட்டுப் போனாளோ, வாய்தான் பழகிப்போன வாயாயிற்றே, கை செய்யாததைக்கூடச் சொல்லும். இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு முள்ளில் மாட்டிய முந்தானை மாதிரி நின்றுவிடும், இழுத்தால் கிழியும் போலிருக்கும், விட்டுவிடுவாள், மறுபடி புளிக்குழம்பிலிருந்து ஆரம்பிப்பாள். அதற்கப்புறம் உள்ளதெல்லாம் துல்லியம். நடையிலிருந்து ஒரு சத்தம், மனுஷன் சத்தம் மாதிரியே இல்லாத ஒரு சத்தம், ஏணி சுவரில் இழைந்து விழுகிற ஓசை, அவள் ஓடினபோது அவர் கையை மடக்கி அடியில் போட்டுக்கொண்டு கிடந்த கிடை, கண் திறந்திருந்தது, கண் திறந்திருந்ததே அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது. கதிரேசன்தான் ஆட்டோ பிடித்தார். மணிக்கட்டோடு போயிற்று, தலையில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். ஷாக் எப்படி அடித்தது என்று கேட்டபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை, கதிரேசன் மட்டும், மெயினை ஆஃப் பண்ணாம ஏறிட்டார் போல என்றார். ஏறிட்டார் என்றுதான் சொன்னார், பாவம், மரியாதை தெரிந்த மனுஷன், ஆனால் இந்த வீட்டில் ஏறுகிறவர் ஒருத்தர், ஆஃப் பண்ணுகிறவள் ஒருத்தி என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம்.

யாராவது ஒருத்தராவது நல்லபடியாகத் திட்டியிருந்தால் அவளும் நல்லபடியாக எதிர்த்துச் சண்டை போட்டிருப்பாள். திட்டவில்லை. அதுதான் கொடுமை. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நீ அமுக்கினியா இல்லையா என்று ஒரே ஒரு கேள்வி கேட்கவில்லை. கட்டுப் போட்ட கையோடு ராத்திரியில் எழுந்து அடுப்படிக்குப் போவார், இவள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பாள், கேஸ் மூடியிருக்கிறதா என்றுதான் பார்க்கப் போகிறார் என்று இவளுக்குத் தெரியும், கொஞ்ச நேரம் கழித்து வந்து சத்தமில்லாமல் படுப்பார். பெங்களூரிலிருந்து பையன் குமரகுரு தினமும் போன் பண்ண ஆரம்பித்துவிட்டான், முன்னே வாரத்துக்கு ஒரு தடவை பண்ணுவதற்கே நேரமில்லாதவன். என்னம்மா சாப்ட்டியா, என்ன சாப்ட்ட, நேத்து என்ன சாப்ட்ட? நேற்று என்ன சாப்பிட்டாள் என்று அவன் எதற்குக் கேட்கிறான் என்று புரியாத மடச்சியா இவள். நேற்று கீரைக்கூட்டு என்று டக்கென்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு, நேற்றா முந்தாநாளா என்று அரைமணி நேரம் உட்கார்ந்து யோசித்தாள். வியாழக்கிழமைக்கு நரம்பு டாக்டரிடம் பெயர் பதிந்து வைத்திருக்கிறான். சும்மா ஒரு செக்கப்மா என்றான், ஞாபகத்துக்கு என்று சொல்ல நாக்கு வரவில்லை அவனுக்கு. அப்பாவிடம் கேட்டானாம், அப்பா போய்ட்டு வந்தா என்ன என்றாராம். அந்த "வந்தா என்ன" அவள் நெஞ்சில் அன்றிலிருந்து கிடந்து அறுக்கிறது. பூரணம் அக்காவையும் இப்படித்தான் சும்மா ஒரு செக்கப் என்று கூட்டிப்போனார்கள். கூடப்பிறந்த அக்கா, இவளுக்குச் சடை பின்னிவிட்டவள், கடைசி இரண்டு வருஷம் இவளைப் பார்த்து நீங்க எந்த ஊரு என்று மரியாதையாகக் கேட்டாள். முதலில் சாவியை வைத்த இடம் போயிற்று, அப்புறம் பால் பொங்கியது, அப்புறம் பெயர்கள், அப்புறம் கழிவறை எந்தப் பக்கம் என்பது. இவளும் சாவியை வைத்த இடம் தெரியாமல் தேடியிருக்கிறாள், போன மாதம் பாலும் பொங்கியது. மேல் வீட்டில் குடியிருக்கிற நர்ஸ் பெண் பிரிசில்லாவை ஒருநாள் குமுதா என்று கூப்பிட்டுவிட்டாள், குமுதா அதற்கு முன்னே குடியிருந்தவள். அதெல்லாம் யாருக்குத்தான் இல்லை என்று அன்றைக்குச் சிரித்தவள், ஏணி விழுந்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் அடுக்க ஆரம்பித்தாள், அடுக்கினால் அது அக்காவின் வரிசை மாதிரியே இருக்கிறது, சாவி, பால், பெயர். அடுத்தது எது என்று அவளுக்குத் தெரியும். ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, கழிவறை வலது பக்கம், அடுப்படி இடது பக்கம் என்று இருட்டில் கை நீட்டிப் பார்த்திருக்கிறாள். சிரிப்புத்தான் வரும் கேட்கிறவர்களுக்கு. தூக்கம் போய் எத்தனை நாளாயிற்று அவளுக்கு.

"போடுங்கம்மா" என்றார் சிராஜுதீன். போட்டாள். மின்விசிறி கிளம்பியது. சிவப்பு ஒயரில் டெஸ்டர் எரியுது, கறுப்பில் இல்லை, அப்படித்தான் இருக்கணும் சார் என்று நடையில் அவர் வைத்திலிங்கத்திடம் சொல்வது கேட்டது. நடுத்தர வயசு மனுஷன், வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை, ஏணி ஏறுகிறபோது முழங்காலைப் பற்றி, இறங்குகிறபோது மகளுக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளை சவுதியிலிருந்து வருகிற தேதியைப் பற்றி. மறுபடி போச்சா, மறுபடி போச்சுங்க, ரெண்டிலும் இல்லை என்றார். அடுப்படி லைட், படுக்கை அறை லைட், கொல்லை லைட் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தார். எதற்காக இவரைக் கூப்பிட்டார் தன் புருஷன் என்று அவளுக்குத் தெரியாதா. நேற்றுச் சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டே, எதுக்கும் ஒரு தடவை ஒயரிங்கைப் பார்த்துடலாம் என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஒயரிங் எல்லாம் அவர் கையால் பண்ணினது. அதில் ஒன்றும் தப்பில்லை என்று ஆகிவிட்டால் மிச்சம் இருப்பது ஒரே ஒரு தப்புதானே, அந்தத் தப்பு புடவை கட்டிக்கொண்டு மெயின் சுவிட்சுக்கு முன்னால் நிற்கிறது. சொல்லிக்காட்ட மனசு வராமல் வெளியாளை விட்டுச் சொல்லவைக்கிறார், அவ்வளவுதான், நல்ல மனுஷன் வேறு எப்படிச் செய்வார். டாக்டர் என்ன கேட்பார்? அக்காவிடம் கேட்டபோது இவளும் பக்கத்தில் இருந்தாள். இன்றைக்கு என்ன கிழமை, முதலமைச்சர் யார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாங்க. நூறு, தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைந்து, பள்ளிக்கூடத்திலேயே கணக்கில் கோட்டை விட்டவளுக்கு இந்த வயசில் கழித்தல் கணக்கு. மூன்று பொருள் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள், அக்காவுக்குச் சொன்னது ஆரஞ்சு, மேஜை, குடை, அக்கா ஆரஞ்சோடு நின்றுவிட்டாள், இவளுக்கு மூன்றும் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, அதே மூன்றையே கேட்டால் தப்பித்துவிடலாம், வேறு கேட்டால்?  "சார், ஒயரிங் சுத்தமா இருக்கு" என்று நடையில் சிராஜுதீன் சொன்னார், மெயினை அமத்தினா எங்கேயும் சொட்டுக் கரண்ட் இல்லை, லீக்கும் இல்லை, இந்த ஹோல்டரை மட்டும் மாட்டிட்டுக் கிளம்பறேன். வைத்திலிங்கம் பதில் பேசவில்லை. அந்தப் பேசாமை நடையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்து அவள் மேல் விழுந்தது. ஆக முடிந்தது. அமுக்கியிருந்தால் சொட்டுக் கரண்ட் இருந்திருக்காது, இருந்தது, ஆகையால் அமுக்கவில்லை, கழித்தல் கணக்கைவிட இது சுலபம். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, ஹோல்டர் மாட்ட வேண்டும் என்று அவர் சொன்னதால் கைப்பிடியைக் கீழேயே வைத்துக்கொண்டு, இந்தத் தடவையாவது தவறிவிடக்கூடாதென்று அதன் மேலிருந்து கையை எடுக்காமலே நின்றாள்.

பக்கத்துச் சந்தில் கேட் கிறீச்சிட்டது. பிரிசில்லா காலை ஷிஃப்ட் முடிந்து வருகிறாள். மேல் வீட்டுக்குப் போகிற மாடிப்படி நடைக்கு அந்தப் பக்கச் சுவரை ஒட்டி, சந்திலிருந்தே ஏறுகிற படி, பட்டப்பகலிலும் குகை மாதிரி இருட்டு, கீழ்ப்படியில் கால் வைக்கும்போதே சுவிட்சைத் தட்டிவிட்டுத்தான் ஏறுவாள் அந்தப் பெண். விடிவதற்கு முன்னே இறங்கிப்போகிற நாட்களில் அணைக்க மறந்துவிட்டு அது மத்தியானம் வரைக்கும் எரிந்துகொண்டு கிடக்கும், அதற்கு வைத்திலிங்கம் இரண்டு தரம் சொல்லியும் இருக்கிறார், பழைய குண்டு பல்ப் வேறு, கரண்டைக் குடிக்கும் என்று. சுவிட்ச் தட்டுகிற ஓசை அம்சவல்லிக்குக் கேட்டது. அதே மூச்சில் நடையிலிருந்து "ஸ்ஸ்" என்று ஒரு சீறலும், ஏணி தரையில் உரசுகிற சத்தமும், ஏதோ இரும்புச் சாமான் விழுந்து உருளுகிற சத்தமும்.  இன்னொரு தடவையா, இன்னொருத்தரையா, மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டிருக்கிற மனுஷனையா, பாவி, என்ன செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள், கைப்பிடி கீழே இருந்தது. அவள் கைக்குள்ளேயே இருந்தது. உள்ளங்கை வியர்த்து அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. மின்விசிறி ஓடவில்லை, ஃப்ரிட்ஜ் முனகவில்லை. கண்ணை மூடித் திறந்து பார்த்தாள், மறுபடியும் கீழேதான். நினைவு இல்லை இது, போன தீபாவளி இல்லை, ட்யூப் லைட் மாற்றிய நாள் இல்லை, இது இப்போது, இந்த நிமிஷம், இந்தக் கை. "போச்சுங்க" என்று அவள் கத்தினாள், தெருவுக்கே கேட்டிருக்கும், "கீழதாங்க இருக்கு, கையை எடுக்கவே இல்லைங்க, நான் ஆஃப் பண்ணித்தாங்க வச்சிருக்கேன்."  அப்புறம் சிராஜுதீன், தெரியும்மா, நான் நல்லாத்தான் இருக்கேன், மர ஏணி, ரப்பர் செருப்பு, சுரீர்னு ஒரு கடி அவ்வளவுதான் என்றார். சந்திலிருந்து பிரிசில்லா ஜன்னல் வழியாக எட்டி, ஆன்ட்டி, படி லைட் எரியலை, ஆனா மேல எங்க வீட்ல ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தம் கேக்குது என்றாள். ஏணியிலிருந்து இறங்கப் போன சிராஜுதீன் அப்படியே நின்றார். தங்கச்சி, அந்தச் சுவிட்சைத் தொடாம அப்படியே இரு என்றார்.

அதற்கப்புறம் அவர் அவசரப்படவில்லை, அவருக்கு இப்போது விஷயம் பிடிபட்டுவிட்டது, பிடிபட்ட மனுஷனின் முகமே தனி. அம்சவல்லியை நடைக்கே வரச்சொல்லிக் கூப்பிட்டார். அவள் கைப்பிடியை விட்டுவிட்டு வர யோசித்தாள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், திரும்பி இரண்டு தடவை பார்த்தாள். டெஸ்டரைக் கறுப்பு ஒயரில் வைத்தார், சிவப்பாக மினுக்கென்று எரிந்தது. தங்கச்சி, ஆஃப் பண்ணு என்றார், அணைந்தது. போடு என்றார், எரிந்தது. கீழ் வீட்டு மெயின் செத்துக் கிடக்கிறது, மேல் வீட்டு மாடிப்படி சுவிட்ச் சொல்கிறபடி கீழ் வீட்டுக் கறுப்பு ஒயர் ஆடுகிறது. கரண்ட் சிவப்பில் போகும், கறுப்பில் திரும்பும், போன வழிக்குத் தக்க திரும்புகிற வழி வேண்டும் என்று அவர் விளக்கினார். மாடிப்படி லைட் மேல் வீட்டு மீட்டரிலிருந்து கிளம்புகிறது, திரும்புவதோ இந்த நடை லைட் வழியாகக் கீழ் வீட்டு மீட்டருக்கு. மெயினை அமத்தினால் திரும்புகிற வழி அடைபட்டுப் போகும், வந்த கரண்ட் எல்லாம் இந்தக் கறுப்பு ஒயரில் வந்து நிற்கும், யார் தொட்டாலும் அவர் உடம்பு வழியாக இறங்கும். படி லைட் அணைந்திருக்கிற வரைக்கும் தேடினாலும் தெரியாது, அன்றைக்குக் காலையில் அதன் சுவிட்சை அணைக்காமல் விட்டிருக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொண்டே வந்த சிராஜுதீன் திடீரென்று நிறுத்தி, யாரும்மா படி லைட்டை மேல் மீட்டருக்கு மாத்தினது என்று கேட்டார். அம்சவல்லி புருஷனைப் பார்த்தாள். வைத்திலிங்கம் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டு, மேலே குடித்தனம் வெச்சப்போ, படி லைட் உங்க கணக்கா எங்க கணக்கான்னு குமுதா வீட்டுக்காரர் ஒரே நச்சரிப்பு, அதான் கரண்ட் போற ஃபேஸை மட்டும் எடுத்து மேல் மீட்டர்ல குடுத்தேன், திரும்புற நியூட்ரல் பக்கத்துலயே இருந்துச்சேன்னு அப்படியே விட்டுட்டேன் என்றார். ஒயர் மிச்சம் பிடித்திருக்கிறார் மனுஷன்! சிராஜுதீன் பெரிய மனசுக்காரர், எல்லாரும் பண்றதுதான் சார் என்றார். பிறகு அம்சவல்லியின் பக்கம் திரும்பி, "அன்னிக்கு நீங்க மெயினை அமத்தினதாலதாம்மா சாருக்கு அடிச்சிருக்கு. அமத்தாம இருந்திருந்தா இந்தக் கறுப்பு ஒயர் சும்மா கெடந்திருக்கும்" என்றார்.

அமத்தினதால. அந்தச் சொல் அவளுக்குள் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது, போய்ச் சேர்ந்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். மூன்று வாரமாக எது அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்ததோ அதே ஷாக்தான் அவள் பக்கத்துச் சாட்சி. அமுக்கியிருக்கிறாள். குழம்பைப் பார்க்கப் போவதற்கு முன்னே அமுக்கியிருக்கிறாள், அந்த வழவழப்பு அன்றைக்கு உள்ளதுதான், அந்த வியர்வை அன்றைக்கு உள்ளதுதான், கை கையாகத்தான் இருந்திருக்கிறது, வாய் சொன்னது உள்ளதைத்தான். அக்கா வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எழுந்து போயின, பால் சும்மா பால் ஆயிற்று, குமுதா வெறும் வாய் தவறல் ஆனாள், யாருக்குத்தான் தவறவில்லை. அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். நெஞ்சுக்குள் காற்று போகிற இடம் இவ்வளவு பெரிசு என்று அவளுக்கு மறந்தே போயிருந்தது. பிரிசில்லா உள்ளே ஓடிவந்து, என்ன ஆன்ட்டி, மயக்கமா என்று நாடியைப் பிடித்துப் பார்த்தாள், இவள் அழுகையும் சிரிப்புமாக, இல்லடி பிரிசில்லா, பிரிசில்லா, உன் பேரு பிரிசில்லா என்றாள், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. வைத்திலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, இடது கையை அவள் தலைமேல் வைக்கப் போய், ஆட்கள் இருப்பதைப் பார்த்துத் தோளில் வைத்தார். எதுக்கு அம்சா அழற என்று கேட்டார். இனியாவது நம்புறீங்களா என்று அவள் கேட்க, எதை என்றார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். நான் அமுக்கினதை என்றாள்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியுமே" என்றார் அவர். "நடை லைட் சுவிட்ச் ஆன்லதான் கெடந்துச்சு, சிவப்பு ஒயரை வெறுங்கையால முதல்ல கழட்டினேன், ஒண்ணும் பண்ணலை. கறுப்புலதான் அடிச்சுது. நீ போச்சுன்னா போச்சுதான், அப்புறம் கரண்ட் எங்கேருந்து வந்துச்சுன்னுதான் தலையைப் பிச்சுக்கிட்டு கெடக்கேன்." அப்படியானால் ராத்திரியில் அடுப்படிக்குப் போனது? கை குடைச்சலுக்கு மாத்திரை போட, தண்ணி அங்கதானே இருக்கு. டாக்டரிடம் போய்ட்டு வந்தா என்ன என்றது? நீ தூங்காமக் கெடந்து புரள்றியே, தூக்கத்துக்கு ஏதாவது கொடுப்பாங்கன்னு சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாதாரண பதில், கேட்டிருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும். அவளுக்குக் கோபம் மடமடவென்று ஏறியது, இத்தனை நாள் பூட்டி வைத்திருந்த வாய் திறந்துகொண்டது, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சா போயிருப்பீங்க, நான் மனுஷியா இல்லையான்னு மூணு வாரம் செத்துப் பொழைச்சேன், கழித்தல் கணக்கெல்லாம் போட்டுப் பார்த்தேன், உங்களுக்கு வாய்லயும் மாவுக்கட்டா போட்டிருக்கு என்று அவள் வாங்கு வாங்கென்று வாங்கினாள். சிராஜுதீன் ஏணியின் மேல் ஏறிக்கொண்டு ரொம்ப மும்முரமாக ஒயரைச் சீவினார். வைத்திலிங்கம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றார், அவள் மூச்சு வாங்க நிறுத்தினபோது, திகைப்போடு, குற்றம் சொல்கிற குரலே இல்லாமல் கேட்டார்:

"நான் எதுக்குச் சொல்லணும்? அமுக்கினது நீ. உனக்குத் தெரியாதா?"

அவள் கோபம் போன இடம் தெரியவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கட்டுப் போட்ட அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தெரியலைங்க" என்றாள். "உங்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலைங்க."